படிமத்திற்கு அதனால் என்ன?

சென்ற மார்கழியில், ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். மாதம் ஒரு முறை கூடுவது வழக்கம். இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு சமயம் அந்த மாடிக்கு வந்தவர்கள்தாம். யார் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று ஒரு நண்பர் வலம்புரிச் சங்கைப் பற்றிய தன் நீண்ட கவிதையைப் படித்தார். கவிதைக்குக் காரணமான சங்கையும் ஒரு பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். ஏதோ ஒரு க்ஷேத்திரத்தில், கோவில் வாசல் கடை ஒன்றில், பதினோராயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது. படிக்கும்போது அது அவர் முன்னால் பாயில் இருந்தது.

கவிதை முடிந்ததும் சங்கு கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. வாய்ப்பக்கத்தை ட்யூப்லைட்டுக்கு நேராகத் திருப்பிப் பார்த்தேன். நம் சங்கின் வாய்க்குள், நடுத்தண்டைச் சுற்றி மூன்று நான்கு மடிப்புகள் வரப்புப் போல் ஏறிப் போகும். இடம்புரியோ வலம்புரியோ, அந்த மடிப்பு இருக்கும். விரலை விட்டால் நெருடும். இதில் நெருடவில்லை. வழவழவென்று இருந்தது.

இது மன்னார் வளைகுடாவில் பிறந்ததில்லை என்று சொன்னேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்ஸிகோ வளைகுடாவிலும் லைட்னிங் வெல்க் என்று ஒரு ஜாதி உண்டு. அந்த ஜாதிக்கே இந்தப் பக்கமாகச் சுருள்வதுதான் இயல்பு. ஆயிரம் எடுத்தால் ஆயிரமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அதை இறக்குமதி செய்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, வலம்புரி என்று இங்கே விற்கிறார்கள். இது பலருக்கும் தெரிந்த மோசடிதான்.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சங்கை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: ‘இருக்கட்டுமே ஓய். படிமத்திற்கு அதனால் என்ன?’

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் ஏதோ அநாகரிகமான காரியத்தைச் செய்துவிட்டது போலவும், நண்பர் அதைப் பெருந்தன்மையோடு மூடி மறைத்துவிட்டது போலவும் ஒரு நிம்மதி அந்த மாடியில் பரவியது. இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலைப் பற்றியது. நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை.

என்ன கவிதை அது? விவரமாகச் சொல்வது நியாயமில்லை. அடுத்த இதழில் வரப்போகிறது. பால் வெண்மை இருந்தது. கடலின் ஓசை இருந்தது. கருவறை இருந்தது. லட்சத்தில் ஒன்று என்ற அபூர்வத்தின் தனிமை இருந்தது. அதுதான் கவிஞனின் தனிமையும் என்பது சொல்லாமல் சொல்லப்பட்டது. எல்லாம் திருத்தமாக, சிக்கனமாக, நாம் இத்தனை வருஷங்களாகப் பழகி வைத்திருக்கிற வாக்கிய உடைப்புகளுடன் இருந்தன. ஒன்று மட்டும் இல்லை. சங்கு இல்லை.

பால் வெண்மையை எடுத்துக்கொள்வோம். கடலிலிருந்து அப்போதுதான் எடுத்த சங்கு வெள்ளையாக இருப்பதில்லை. மேலே தடித்த பழுப்புத் தோல் மூடியிருக்கும். அதை உரித்துத் தேய்த்தால்தான் நம் கவிதைகளில் வரும் வெள்ளை வரும். உள்ளே இருந்த பிராணி மணலில் ஊர்ந்து, குழாய் கட்டி வாழும் புழுக்களைத் தின்று பிழைத்தது. ஓசையோ கடலின் ஓசையே அல்ல. அறையில் ஏற்கெனவே இருக்கிற சிறு சிறு சத்தங்களில் சிலவற்றை அந்தக் குடைவு வாங்கிப் பெருக்கித் திருப்பித் தருகிறது. சத்தமே புகாத அறையில் சங்கைக் காதில் வைத்தால் கடல் இல்லை. காவேரிப் பாலத்தில் நின்று வைத்தால் பஸ்ஸும் லாரியும்தான் கடல். எனக்கு இது எந்தக் கடலோசையைவிடவும் விசித்திரமாகப் படுகிறது. காதில் வைத்தவன் தன் ஊரையே, தனக்குத் தெரியாமல், வேறொன்றாகக் கேட்கிறான். இதை எழுத ஆளில்லை. நாம் கடலையே எழுதிக்கொண்டிருக்கிறோம். நான் ஒதுங்கி நின்று சொல்லவில்லை. 1984-இல் ஒரு சிற்றேட்டில் நானும் ஒரு சங்கைக் காதில் வைத்து, கடலைக் கேட்டு, பதினாறு வரி எழுதியிருக்கிறேன். யாரிடமாவது அந்த இதழ் இருந்தால் தயவு செய்து வெளியே எடுக்க வேண்டாம்.

‘எழுத்து’ 1959-இல் தொடங்கி 1970-இல் நின்றது. செல்லப்பா தன் கைக்காசைக் கரைத்து நடத்திய அந்தப் பத்திரிகையிலும், அதன் பிறகு வந்தவற்றிலும், யாப்பின் வாய்பாட்டை எதிர்த்து என்னென்னவோ பேசினோம். செத்த உவமை வேண்டாம், கேட்டுக் கேட்டுத் தேய்ந்த அடை வேண்டாம், கண்டதைச் சொல் என்றோம். அந்தச் சண்டைக்கு நாம் தூக்கிய ஆயுதத்தின் பெயர்தான் படிமம். இப்போது அதே சொல், காணாததைச் சொல்வதற்கு அனுமதிச் சீட்டாகியிருக்கிறது. பொருள் போலியானாலும் படிமம் அசல் என்றால், அந்தப் படிமம் எதன் படிமம்? பொருளே தேவையில்லை என்றால் பதினோராயிரம் ரூபாய் எதற்கு? ‘சங்கு’ என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாயில் வைத்திருக்கலாமே.

வலம் இடம் என்பதிலேயே எவ்வளவு விஷயம் இருக்கிறது. விலங்கியல்காரன் ஓட்டைக் கூர்நுனி மேலே இருக்கும்படி, வாய் தன்னைப் பார்க்கும்படி பிடிப்பான். வாய் வலப்புறம் இருந்தால் அது வலச்சுருள். உலகத்தின் பெரும்பாலான நத்தைகள், நம் சாதாரணச் சங்கும் சேர்த்து, வலச்சுருள்தான். ஆனால் அந்தச் சாதாரணச் சங்கைத்தான் நாம் இடம்புரி என்கிறோம். காரணம், நாம் பிடிப்பது தலைகீழ். கூர்நுனி கீழே, நீண்டு குறுகிய வால் மேலே. வாய் இடப்பக்கம் போய்விடுகிறது. ஆகவே அவர்களுடைய இடச்சுருள் நம் வலம்புரி. இதில் யார் பிடிப்பது நேர், யார் பிடிப்பது தலைகீழ் என்று கேட்க முடியாது. பிடித்த கையைச் சேர்த்துச் சொன்னால்தான் வலமும் இடமும் அர்த்தப்படும். நண்பரின் கவிதையில் கை இல்லை. பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்பது இல்லை. ‘வலம்’ என்ற சொல்லின் மங்களம் மட்டும் இருக்கிறது.

அன்று மாடியில் இன்னொருவர் எனக்குப் பதில் சொல்வதற்காக ரெம்ப்ராண்டைக் கொண்டு வந்தார். ‘அவனே தப்பாகத்தான் போட்டான்’ என்றார். தகவல் சரி. ரெம்ப்ராண்ட் 1650-இல் உள்ளங்கை அகலத்தில் ஒரு செதுக்கோவியம் செய்தார். ஒரே ஒரு கூம்புச் சிப்பி, கறுப்பில் வெள்ளைத் திட்டுகள் போட்டது, இந்துமகா சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் கிடைப்பது. கப்பல்காரர்கள் கீழை நாடுகளிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டு போய் விற்ற சரக்கு. மனிதர்களையும் வேதாகமக் கதைகளையும் நூற்றுக்கணக்கில் செதுக்கியவர், ஒரு ஜடப்பொருளை மட்டும் தனியாக வைத்துச் செதுக்கியது இந்த ஒரு முறைதான். தகட்டில் செதுக்கியது காகிதத்தில் இடம் வலமாகப் புரண்டுதான் விழும். தன் கையெழுத்தையும் வருஷத்தையும் அவர் தகட்டில் திருப்பி எழுதினார். அதனால் அவை காகிதத்தில் நேராக விழுந்தன. சிப்பியை மட்டும் கண்ணில் பட்டபடியே செதுக்கினார். அச்சில் சுருள் மாறிவிட்டது. நம் பாஷையில் சொன்னால் ரெம்ப்ராண்ட் அதை வலம்புரி ஆக்கிவிட்டார், பதினோராயிரம் வாங்காமல்.

இதைக் காட்டி, கலைக்கு வாஸ்தவம் தேவையில்லை என்றார் அந்த நண்பர். அவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாரா, அதைப் பற்றிய ஒரு பாராவைப் படித்திருக்கிறாரா? பார்த்தவன் இப்படிப் பேச முடியாது. அந்தச் சிப்பி ஒரு பலகைமேல் கனத்துக் கிடக்கிறது. அடியில் நிழல் பிசுபிசுக்கிறது. முதலில் வெறும் வெள்ளையாக இருந்த பின்னணியை, பிறகு தகட்டுக்குத் திரும்பி வந்து கோடு கோடாக இருட்டாக்கியிருக்கிறார். சிப்பியின் பக்கத்தில் காற்று எவ்வளவு இருட்டாக இருந்தது என்பதுகூட அவருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. கண்ணுக்கும் கைக்கும் நடுவே கணக்கு எதையும் நுழைய விடாததால் வந்த பிழை அது. பார்த்துப் பிழைத்தவனும் பார்க்காமல் பிழைத்தவனும் ஒரே பந்தியில் உட்கார முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1656-இல் அவர் கடனில் முழுகியபோது வீட்டுச் சாமான்களைப் பட்டியல் எடுத்தார்கள். அதில் சிப்பிகளும் கடல் வளர்ச்சிகளும் ஏராளமாக இருந்தன. திவாலாகும் அளவுக்கு வாங்கி வைத்திருந்த மனுஷன். அவரிடம் போய்ப் பொருளால் என்ன என்று கேட்டிருக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். நம் மரபில் சங்கு குறியீடுதான், அதைப் பொருளாகப் பார்ப்பது மேற்கத்திய வியாதி என்று ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கும். பாதி உண்மை. பல்லவர் காலத்துத் திருமால் கையில் சங்கு சங்காகவே இருக்கிறது. கையில் பிடிக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். சோழர் காலம் நகர நகர அதற்குச் சுவாலை முளைக்கிறது. பிறகு சுவாலைகள் பெருகுகின்றன. சங்கு விரல் நுனியில் ஒட்டிய சின்னமாகிறது. கடைசியில் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் வந்த பிறகு, அதில் சுருள் எத்தனை, வாய் எந்தப் பக்கம் என்று வரைகிறவனுக்கும் தெரியாது, கும்பிடுகிறவனுக்கும் தெரியாது. கோபுரத்துச் சுதைச் சங்குகளை நிமிர்ந்து பார்க்கும்போது எனக்கு வேறொன்று தோன்றும். அந்தக் காலத்துச் சுதைச் சுண்ணாம்பில் சுக்கான்கல்லும் உண்டு, சுட்ட கிளிஞ்சலும் உண்டு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி அரைத்துச் சங்கு செய்திருக்கிறான்.

ஆனால் அந்த வாதத்தின் மறுபாதி பச்சைப் பொய். ஆண்டாள் என்ன செய்தாள்? நாச்சியார் திருமொழியின் ஏழாம் பதிகம் முழுவதும், பத்துப் பாட்டும், சங்கைப் பார்த்து ஒரு பெண் பேசுவது. அவனுடைய வாய் எப்படி மணக்கும், எப்படி ருசிக்கும் என்று கேட்கிறாள். நீ கடலில் பிறந்தவன், ஓர் அசுரனின் உடம்பில் வளர்ந்தவன், இப்போது எங்கே இருக்கிறாய் பார் என்கிறாள். பொறாமைப்படுகிறாள். ஒரு பொருளைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டுமானால் அது முதலில் பொருளாக இருக்க வேண்டும். உப்பு நீரிலிருந்து வந்து, ஒரு வாயில் பட்டு, எச்சில் ஈரத்தோடு இருக்க வேண்டும். குறியீட்டின் மேல் யாரும் பொறாமைப்பட்டதில்லை. மார்கழியில் மாடியில் கூடி சங்கு கவிதை கேட்ட எங்களுக்கு, அதே வீதிகளில் அதே மாதம் முழுக்க ஒலிக்கிறவளுடைய இந்தப் பதிகம் நினைவுக்கு வரவில்லை. எனக்கும் வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வந்தது.

அடுத்தது சாளக்கிராமம். ஸ்ரீரங்கத்தில் பழைய வீடுகளில் பெருமாள் பெட்டி இருக்கும். அதில் சாளக்கிராமங்கள் இருக்கும். எங்கள் வீட்டில் ஆறு. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் கறுப்புக் கல். உடைந்த இடத்தில் அல்லது துவாரத்தின் வழியே பார்த்தால் உள்ளே சக்கரம் தெரியும். வஜ்ரகீடம் என்ற புழு குடைந்த சக்கரம் என்பார் அப்பா. இன்று நாம் அம்மோனைட் என்கிறோம். கணவாயின் தூரத்துப் பந்து, சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த கடற்பிராணி, இமயம் இமயமாவதற்கு முன் அங்கே இருந்த கடலில் 14, 15 கோடி வருஷங்களுக்கு முன் செத்தது. சாளக்கிராமத்துக்கு லட்சணம் எழுதியவர்கள் அதை எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். துவாரம் எத்தனை, சக்கரம் எத்தனை, அவை வாய்க்கு அருகிலா தள்ளியா, நிறம் என்ன, உட்கார வைத்தால் நிற்குமா உருளுமா, வருடினால் எப்படி இருக்கும். இவற்றை வைத்து இது வாசுதேவன், இது தாமோதரன், இது லக்ஷ்மி நரசிம்மன் என்று பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கண் நின்று பார்த்திருக்கிறது. சேகரிக்கவும் தரம் பிரிக்கவும் ஐரோப்பியன் வந்துதான் சொல்லிக்கொடுத்தான் என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். அதைத் தாண்டி அந்தக் கண் ஏன் நகரவில்லை, ஏன் ஒருவனும் அந்தச் சக்கரத்தை வரைய நினைக்கவில்லை என்பது தனிக் கேள்வி. சாளக்கிராமத்துக்குப் பிராணப் பிரதிஷ்டையே வேண்டாம், அது தானே ஸ்வரூபம் என்பது சாஸ்திரம். ஸ்வரூபத்துக்கு எதற்குச் சித்திரம் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

1981-இல் நான் கல்லூரி மாணவன். பூகோள வாத்தியார் ஒருவர் எங்களைக் காரைக்கு அழைத்துப் போனார். அப்போது அது திருச்சி ஜில்லா. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமான பிறகு அங்கே சேர்ந்துவிட்டது. பாடாலூர்ப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனால், மழை அரித்து அரித்து ஓடைகளாகப் பிளந்த செம்மண்ணும் சாம்பல் களிமண்ணும் கண்ணுக்கு எட்டிய தூரம் கிடக்கின்றன. ஒரு மரமில்லை. இடையிடையே ஜிப்ஸம் கண்ணாடித் துண்டுபோல மின்னுகிறது. குனிந்தால் கடல். துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட்டுகள், கிளிஞ்சல்கள், சுருள் சுருளாக அம்மோனைட் துண்டுகள். 10 கோடி வருஷத்துக்கு முந்தைய கரை அது. கண்டகிக்குப் போய்க் கொண்டு வந்து நாம் பெட்டியில் வைத்துத் திருமஞ்சனம் செய்கிற அதே ஜாதிப் பிராணி, மலைக்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பஸ் பயணத்தில், காலில் இடறுகிறது.

ஒரு துண்டை எடுத்து வந்தேன். இன்று எடுக்க மாட்டேன். ஆளாளுக்கு எடுத்துத்தான் அந்த இடம் காலியாகிறது. வீட்டில் அம்மா அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுருளை விரலால் தடவிப் பார்த்தாள். ‘எந்த ஆத்துலேர்ந்துடா எடுத்துண்டு வந்தே?’ என்றாள். யார் ஆத்திலிருந்து என்று கேட்கிறாளோ, திருட்டுப் பட்டம் கட்டுகிறாளோ என்று ஒரு நொடி விழித்தேன். அவள் கேட்டது நதியை. சாளக்கிராமம் என்றால் ஒரு நதி இருந்தாக வேண்டுமே. ஆறு இல்லை, கடல் என்றேன். ‘இங்க ஏதுடா சமுத்ரம்?’ என்றாள். அதைப் பெட்டியில் சேர்க்கவில்லை. தூக்கியும் போடவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்தாள். வெள்ளிக்கிழமை ஜன்னல் துடைக்கும்போது அதையும் ஈரத்துணியால் துடைத்து அதே இடத்தில் வைப்பாள். ஒரு பொருள் என்ன என்று தெரியாதபோது என்ன செய்ய வேண்டுமோ அதை அவள் செய்தாள். எந்த ஆறு, எங்கே கடல் என்று இரண்டு கேள்விகள் கேட்டாள். எங்கள் மாடியில் அன்று ஒரு கேள்விகூட எழவில்லை.

காரையையும் ஊட்டத்தூரையும் சுற்றியுள்ள சிப்பிகளை முதலில் சேகரித்து, வரைந்து, பெயரிட்டவர்கள் யார்? 1840ஐ ஒட்டி மதராஸ் உத்தியோகஸ்தர்களான கேயும் கன்லிஃபும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-இல் எழுதினார். அடுத்து ஹென்றி பிளான்ஃபோர்ட் ஜில்லாவை நடந்து அளந்து, 1862-இல் அடுக்குகளைப் பிரித்துப் பெயர் வைத்தார்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். உலகத்தின் பாறைப் பட்டியலில் இந்த மூன்று பெயர்களும் இன்றும் இருக்கின்றன. அதன்பின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, மொராவியாக்காரர், கல்கத்தாவில் உட்கார்ந்து இந்தச் சிப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து நான்கு தொகுதிகளில் விவரித்தார். 1860களில் தொடங்கி 1873 வரை அந்த வேலை. 1874-இல் யார்க்கந்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயரத்தில், 36 வயதில் செத்துப் போனார். அந்தத் தொகுதிகளின் லித்தோகிராஃப் தட்டுகளைப் பாருங்கள். ஒரு ஓட்டின் முதுகு, வயிறு, குறுக்கு வெட்டு. தேய்ந்த இடம் தேய்ந்ததாகவும் உடைந்த இடம் உடைந்ததாகவும். உடைசலை ஒட்டிச் சேர்த்து அழகாக்கவில்லை. என்னைக் கேட்டால், திருச்சி மண்ணைப் பற்றி அந்த நூற்றாண்டில் செய்யப்பட்ட மிகச் சிறந்த சித்திரங்கள் அவைதாம். அவற்றை நம் ஓவியர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

தியரி படித்த இளைய நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வது எனக்கு இப்போதே கேட்கிறது: இது காலனியப் பார்வை, உடைமையாக்கும் பார்வை, பட்டியல் போட்டு ஆள்கிற பார்வை. மறுக்கவில்லை. 1851-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைத் தொடங்கியது நிலக்கரிக்காக, சிப்பிக்காக அல்ல. பொறுக்கியது கப்பலேறியது. தரங்கம்பாடி மிஷனின் கிறிஸ்டோஃப் ஜான் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்தக் கரையின் மீனையும் சிப்பியையும் ஐரோப்பிய அலமாரிகளுக்கு அனுப்பியவர். எல்லாம் சரி. ஆனால் அவர்கள் உடைமையாக்குவதற்காகப் பார்த்தார்கள் என்பதால், நாம் பார்க்காமல் இருந்தது எதிர்ப்பு ஆகிவிடுமா? பார்க்காமல் இருந்தது பார்க்காமல் இருந்ததுதான். அதற்கு அரசியல் ஜரிகை போட வேண்டாம்.

உடைமை வேண்டாம் என்றால் வேறு கண்களும் இங்கே இருந்தன. தூத்துக்குடியில் சங்கு குளித்த பரதவனின் கண். அடிமணலில் பழுப்புத் தோலோடு, மேடு போலக் கிடப்பதை மூச்சடக்கிய ஒரு நிமிஷத்துக்குள் அடையாளம் கண்டவன் அவன். குளித்து எடுத்ததைத் துளை போட்ட பலகையில் விட்டுப் பார்ப்பார்கள். நுழைந்துவிடும் சின்னச் சங்கை உயிரோடு கடலுக்கே திருப்பி விடுவார்கள். கொற்கையில் வளைக்காக அறுத்த பழைய சங்குத் துண்டுகளை, மதராஸ் மீன்துறையிலிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் கண்டெடுத்து, 1914-இல் சங்குக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். கொடுமணலில் அகழ்ந்தபோதும் சங்கு வளைகள் கிடைத்தன. அறுத்தவனுக்கு அந்த ஓட்டின் உள்ளே எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எந்த இடத்தில் வாள் நழுவும் என்று தெரியும். நடுத்தண்டில் மூன்று மடிப்பா நான்கா என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இந்தத் தெரிவு ஏதாவது ஒன்று நம் நவீனக் கவிதைக்குள் வந்திருக்கிறதா? வளை வந்திருக்கிறது. கழன்று விழுந்திருக்கிறது. அத்தோடு சரி.

டால்மியாபுரத்தையும் சொல்லியாக வேண்டும். கல்லக்குடி என்ற பெயரை மீட்க 1953-இல் தண்டவாளத்தில் தலை வைத்தார்கள். நியாயமான போராட்டம், அதை நான் எள்ளவில்லை, என் சித்தப்பா அதில் ஜெயிலுக்குப் போனவர். ஆனால் அந்த ஆலை அங்கே எதற்காக வந்தது? சுண்ணாம்புக் கல்லுக்காக. அந்தச் சுண்ணாம்புக் கல் எது? ஒரு பழைய கடலின் பவளத் திட்டும் சிப்பியும். பெயரைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். பொருள் அரைபட்டு மூட்டை மூட்டையாக வெளியே போனது, போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரி தமிழில் நான் படித்ததில்லை. அரியலூர்ப் பக்கம் வாரணவாசியில் இப்போது ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. நல்ல காரியம். எங்கள் மாடியிலிருந்து ஒருவரும் போனதில்லை. வேன் வைத்துப் போகலாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். ஒரு முறை மழை, ஒரு முறை புத்தக வெளியீடு.

விஞ்ஞானக் கட்டுரை எழுதச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. வெல்க்கைப் பற்றி நண்பர் கவிதை எழுதியிருந்தால் எழுந்து நின்று கேட்டிருப்பேன். யோசித்துப் பாருங்கள். மெக்ஸிகோ வளைகுடாவில் தன் ஜாதியிலேயே சர்வ சாதாரணமாகப் பிறந்து, அரை உலகத்தைச் சுற்றி வந்து, இங்கே லட்சத்தில் ஒன்றாக மாறி, பட்டுத் துணியில் உட்கார்ந்து சந்தனம் வாங்கிக்கொள்கிற ஓடு. ஏமாந்தவனுடைய பக்தி பொய்யா? அந்த ஓட்டுக்கு இது தெரியாது என்பது எவ்வளவு பெரிய விஷயம்? அபூர்வம் என்பது பொருளிலா, துறைமுகத்திலா? இவ்வளவும் நண்பரின் மடியில் கிடந்தது. விரலை உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் கையில் ஏறியிருக்கும். அவர் அதைத் தாண்டிப் போய்ப் பால் வெண்மையை எழுதினார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். அது மரியாதை. நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் ராத்திரி போன் செய்தார். கட்டுரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

‘அந்த மடிப்பு எத்தனை இருக்கணும்னீர்?’

‘மூணு. சிலதில் நாலு.’

‘உள்ளே எவ்வளவு தூரத்தில்?’

‘வாயிலேயே தெரியும். விரல் முதல் கணு போனால் போதும்.’

சரி என்று வைத்துவிட்டார். கவிதையில் மாற்றம் எதுவும் வரவில்லை என்று ஆசிரியர் சொல்கிறார்.